சாம்பல் கோட்டைக்குப் போகும் வழியில் ஒரு விடுதி

மார்கழி 14, ஞாயிறு

இன்றைக்கு ஏழு தடவை செத்தேன். ஏழு தடவையும் அதே பாலம், அதே ஓநாய்கள்.

எங்கே செத்தேன், எந்த வரி புரியவில்லை, எங்கே எரிச்சல் வந்தது என்று தேதி போட்டு எழுதச் சொல்லியிருக்கிறார்கள். ஞாயிறு சாயங்காலம் ஜெனிஃபர் என்கிற பெண் போன் பண்ணி வாங்கிக்கொள்வாள். அதற்குத் தனித் தாள் இருக்கிறது. இது என் சொந்த நோட்டு. தாளில் எழுத முடியாததை இதில் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். என் மகள் செல்வராணியின் பெண் பிரதீபா பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறாள். அவளும் ஜெனிஃபரும் சேர்ந்து, அவர்கள் பிறப்பதற்கு முன்னாலேயே வந்த ஒரு இங்கிலீஷ் கம்ப்யூட்டர் ஆட்டத்தை முழுக்கத் தமிழாக்கியிருக்கிறார்கள். வாள், மந்திரம், பூதம், கோட்டை எல்லாம் வருகிற ஆட்டம். தமிழில் 'சாம்பல் கோட்டை' என்று பேர் வைத்திருக்கிறார்கள். மூன்று வருஷ வேலை, அதுவும் ஆபீஸ் போய் வந்த பிறகு. இந்த வீட்டில் இப்படி ஒருத்தி பிறந்திருக்கிறாள் என்பதை நான் யாரிடமும் சொல்லாமல் இருந்ததில்லை. அவளிடம் தவிர.

ஆட்டத்தின் சொந்தக் கம்பெனி அதை எடுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆனால் இங்கிலீஷ் தெரியாத, இந்த மாதிரி ஆட்டம் ஆடியே பார்க்காத ஐந்து பேர் முதல் அத்தியாயத்தைத் தாங்களே முடித்துக் காட்ட வேண்டும். தை முப்பதுக்குள். சந்தேகம் கேட்கலாம், யாரும் ஆடித் தரக் கூடாது. நாலு பேர் முடித்துவிட்டார்கள். ஐந்தாவது ஆள் பாதியில் ஓடிவிட்டான். செல்வராணி போனில் இதைப் பேசியது காதில் விழுந்தது. ஜெனிஃபருக்கு நானே போன் போட்டு, நான் ஆடுகிறேன் என்றேன். பிரதீபாவின் பழைய கம்ப்யூட்டர் அவள் அறையில் சும்மாதான் கிடக்கிறது.

ஏன் ஒப்புக்கொண்டேன் என்றால், முடித்தவர்களிடம் பிரதீபாவே போன் பண்ணி ஒரு மணி நேரம் கேள்வி கேட்பாளாம். ஆனி மாதத்திலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. தீபாவளிக்கு வந்து மூன்று நாள் இருந்தாள். என் தட்டில் பலகாரம் வைத்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. நான் போய்க் கெஞ்ச மாட்டேன். அவள் ஆட்டத்தை நான் முடித்துவிட்டால் அவள் பேசித்தானே ஆக வேண்டும்.

தாளில் என் பேர் கிடையாது. 'சோதனை ஆள் 5' என்று மட்டும்தான் இருக்கும்.

மார்கழி 15, திங்கள்

மாவு அரைத்து வைத்துவிட்டு, ஆட ஆரம்பித்த நாள் கதையை எழுத உட்கார்ந்தேன்.

ஆட்டத்தின் ஆரம்பத்தில் நாலு பேரை நாமே உண்டாக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு தொழில். போர்வீரர், பூசாரி, வேட்டைக்காரர், திருடர், மந்திரவாதி, பாணர் என்று வரிசையாக நிற்கிறார்கள். போன வாரமே ஜெனிஃபர் எனக்குப் புத்தி சொன்னாள். அவள் தூத்துக்குடிப் பெண். பேச்சு எப்போதும் சிரித்துக்கொண்டே வரும்.

"பாட்டி, மொத தடவை ஆடுதவங்களுக்குப் போர்வீரர்தான் சரி. வாளைக் கையில குடுத்துட்டா அதுபாட்டுக்கு அடிச்சுக்கிடும். ரெண்டு வீரர், ஒரு பூசாரி, ஒரு திருடர் எடுத்துக்கோங்க. மந்திரவாதி மட்டும் வேண்டாம். ஆரம்பத்துல ஊதுனா விழுந்துருவாரு."

அன்றைக்கு நான் மந்திரவாதியைத்தான் எடுத்தேன். படத்துக்குக் கீழே இப்படி எழுதியிருந்தது: 'படிப்பால் வலிமை பெற்றவர். புத்தகம் இல்லாமல் எங்கும் போவதில்லை.' அதைப் படித்த பிறகு வேறு எதையும் எடுக்க மனம் வரவில்லை. என்னை ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். நானாக நிற்கவில்லை.

அவளுக்கு நாச்சாத்தாள் என்று என் பேரையே வைத்தேன். கூட இரண்டு வீரர்கள், ஒரு பூசாரி. திருடனைச் சேர்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

"அவரு நம்ம திருடரு பாட்டி. பூட்டுத் தொறக்கதுக்கு."

"பூட்டியிருக்குதுன்னா அந்த வூட்டுக்காரன் பூட்டி வெச்சிருக்கறான். நாம எதுக்குக் கண்ணு தொறக்கோணும்?"

"ஐயோ பாட்டி, இதை நான் தாள்ல எழுதிக்கிடுதேன்."

எழுதிக்கொள்ளட்டும்.

மார்கழி 18, வியாழன்

ஆறு தடவை. அதே பாலம்.

நாச்சாத்தாள் ஒரே ஒரு தடவை நெருப்பு விடுகிறாள். ஒரு ஓநாய் கருகி விழுகிறது. அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். பூசாரியும் ஒரு காயத்தை ஆற்றிவிட்டு நின்றுவிடுகிறார். மிச்சம் நாலு ஓநாய்கள் வீரர்களைத் தின்றுவிட்டு இவளிடம் வருகின்றன. ஸ்பின்னிங் மில்லில் நூல் சுற்றுகிற கோன் வைண்டிங் பகுதியில் நாற்பத்திரண்டு பெண்களுக்கு நான் மேஸ்திரியாக இருந்தவள். ஒரு கோன் போட்டுவிட்டு உட்கார்ந்துகொள்கிற ஆளை நான் ஒரு ஷிப்ட்டுக்கு மேல் வைத்ததில்லை.

ஜெனிஃபருக்குப் போன் போட்டுக் கத்தினேன்.

"தூங்கணும் பாட்டி. தூங்கி எந்திச்சாத்தான் மந்திரம் திரும்ப வரும். பூசாரிக்கும் அப்படித்தான். இந்தப் பழைய ஆட்டமெல்லாம் இப்படித்தான் இருக்கும். பாலத்துக்கு முந்தி ஒரு ஊரு வருதுல்லா, அங்க விடுதி இருக்கு. போய் ரூம் எடுத்துத் தூங்குங்க. மொத்தமே அவ்வளவுதான்."

ஊருக்குத் திரும்பிப் போய் விடுதிக் கதவைத் திறந்தேன். உள்ளே பீப்பாய்கள். கையில் கோப்பையோடு ஆண்கள். ஒரு ஓரமாக மாடிப்படி, மேலே வரிசையாக அறைகள். பார்த்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

துணி மடித்துக்கொண்டிருந்த செல்வராணி எட்டிப் பார்த்தாள். "ஏம்மா, உள்ள போனதும் ஒடனே திரும்பிட்ட?"

"அங்க நமக்கு வேலை இல்லை."

அவள் துணியை ஓங்கி உதறி மடித்தாள். அவள் அப்படி உதறுகிறபோது எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது.

மார்கழி 20, சனி

வேறு இடத்தில் தூங்கப் பார்த்தேன்.

மரத்தடியில் படுத்தால் ஓநாய் வருகிறது. கோயில் மண்டபத்தில் படுக்கப் போனால் காவல்காரன் வந்து, 'இங்கே படுக்க அனுமதி இல்லை, விடுதிக்குப் போங்கள்' என்கிறான். கிணற்றடியிலும் அதே காவல்காரன், அதே வார்த்தை. அவனுக்கு வேறு பிழைப்பு இல்லை போலிருக்கிறது.

நல்ல தண்ணீர் வந்தது. எட்டுக் குடம் பிடித்தோம்.

மார்கழி 21, ஞாயிறு

தாளில் 'விடுதியில் தங்காததற்குக் காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. 'அவசியமில்லை' என்று எழுதினேன்.

மார்கழி 23, செவ்வாய்

ஒரு வழி கண்டுபிடித்தேன் என்று நினைத்தேன்.

பழைய ஆட்டத்துக்குள் வேறு வேறு ஆட்கள் பிற்பாடு செய்து சேர்க்கிற ஒட்டு வேலைக்கு 'மோட்' என்று பேர். மில்லில் பழைய மெஷினுக்கு ஃபிட்டர் புதுப் பாகம் போட்டு ஓட்டுவானே, அது மாதிரி. பிரதீபாவின் தமிழும் அப்படி ஒரு மோட்தான். முகத்தை அழகாக்குகிற மோட், புதுத் தொழில்கள் சேர்க்கிற மோட், சண்டையை லேசாக்குகிற மோட் என்று நூற்றுக்கணக்கில் இருக்கிறதாம். புதிதாக ஆடுகிறவர்கள் இருபது முப்பதை அள்ளிப் போட்டுக்கொண்டு ஆட்டமே ஓடாமல் அழுவார்கள் என்று ஜெனிஃபர் முதலிலேயே சொல்லியிருந்தாள். பிழை திருத்துகிற ஒன்று, எழுத்தைப் பெரிதாக்குகிற ஒன்று, இந்த இரண்டு மட்டும் போதும் என்றாள். அந்த இரண்டையும் தீபாவளிக்கு முன்னாலேயே யாரோ இதில் போட்டு வைத்திருக்கிறார்கள்.

எங்கே வேண்டுமானாலும் தூங்கலாம் என்று ஒரு மோட் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறதாம்.

"ஆனா அது வேண்டாம் பாட்டி. தமிழுக்கு மேல அதைப் போட்டா சண்டை வரும். வரிசைன்னு ஒண்ணு இருக்கு. மொதல்ல பிழை திருத்தது, பொறவு மத்தது, கடைசியிலதான் தமிழு."

"சரி கண்ணு" என்று வைத்துவிட்டு, செல்வராணியை இறக்கித் தரச் சொல்லி நானே போட்டேன். அவள் இரண்டு தடவை கேட்டாள், ஜெனிஃபரைக் கேட்டுட்டயா, கேட்டுட்டயா என்று. கேட்டேன் என்றேன். கேட்டது பொய் இல்லை.

ஆட்டத்தைத் திறந்தால் எழுத்து முழுக்கக் கட்டம் கட்டமாக நிற்கிறது. நாச்சாத்தாள் என்கிற பேரும் கட்டம். பூசாரி பேசுவதும் கட்டம். மூன்று வருஷம் அந்தப் பிள்ளை எழுதியது எல்லாம் ஒரு நிமிஷத்தில் வெறும் செங்கல் மாதிரி ஆகிவிட்டது. அணைத்துத் திரும்பப் போட்டேன், அப்போதும் கட்டம். ரொம்ப நேரம் யாரையும் கூப்பிடவில்லை.

மார்கழி 28, ஞாயிறு

நாலு நாள் வீணாகி, எல்லாவற்றையும் அழித்து, வரிசையாகத் திரும்பப் போட்டாயிற்று. ஜெனிஃபர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆனால் சேமித்து வைத்த ஆட்டம் போய்விட்டது. ஒரே இடத்தில் மேலே மேலே சேமித்திருந்தேன். தனித்தனியாக நாலைந்து இடத்தில் சேமிக்க வேண்டுமாம். இதை யாராவது முதல் நாளே சொல்லியிருக்க வேண்டாமா என்று கேட்டேன். சொன்னேன் பாட்டி என்றாள்.

நாலு பேரையும் புதிதாக உண்டாக்கினேன். மறுபடியும் மந்திரவாதிதான்.

தை 1, செவ்வாய்

பொங்கல் வைத்தோம். பிரதீபா வரவில்லை. லீவு இல்லையாம்.

"பெங்களூர்ல பொங்கலுக்கு லீவு உடாத கம்பெனியா?" என்றேன்.

செல்வராணி கரும்பை வெட்டிக்கொண்டே சொன்னாள். "அவ ஏன் வரலைன்னு உனக்குத் தெரியாதாம்மா?"

"தெரியாது."

"தாராபுரத்துல அத்தனை சனத்துக்கு முன்னாடி நீ சொன்னது மறந்துபோச்சா?"

நான் பானையைக் கழுவப் போய்விட்டேன்.

மறக்கவில்லை. வைகாசியில் அவள் ஒரு வேலைக்குத் தேர்வு எழுத மெட்ராஸ் போனாள். தனியாகத்தான் போனாள். கோடைப் புயலில் பெரிய மழை பிடித்து ரயிலை நிறுத்திவிட்டார்கள். ஒரு லாட்ஜில் அறை எடுத்துத் தங்கிவிட்டு மறுநாள் வந்தாள். வந்தவளிடம் நான் எதுவும் கேட்கவில்லை. ஆனியில் தாராபுரத்தில் காதுகுத்து. பந்தியில் ஒருத்தி, உன் பேத்திக்கு மாப்பிள்ளை பார்க்கிறீர்களா என்று கேட்டாள். நான் சொன்னேன்: "லாட்ஜுல படுத்து எந்திரிச்சு வந்தவளை எந்த வூட்டுல எடுப்பாங்க?"

சிரிப்புக்காகச் சொன்னேன். நாலு பேர் சிரிக்கவும் சிரித்தார்கள். பிரதீபா எதிர்வரிசையில் பாயசம் ஊற்றிக்கொண்டு நின்றாள்.

நான் சொன்னது முறை தவறியது இல்லை. ஒரு பெண் பிள்ளை தனியாக லாட்ஜில் தங்குவது எங்கள் சனத்தில் இல்லை. வெளியூர் போனால் சொந்தக்காரர் வீட்டில் தங்குவோம். எந்த ஊராக இருந்தாலும் ஒரு வீடு இருக்கும். ஒரு டம்ளர் மோர் கொடுத்து, பாய் விரித்துப் போடுவார்கள். அதுதான் வழக்கம்.

தை 6, ஞாயிறு

புதிய ஆட்டத்திலும் பாலத்துக்கு வந்தாயிற்று. ஒன்பது தடவை.

ஜெனிஃபர் போன்.

"பாட்டி, ஒண்ணு கேக்கணும். பிரதீபா உங்க தாளெல்லாம் படிச்சுட்டுப் பொலம்புதா. அஞ்சாம் நம்பர் ஏன் விடுதிக்குள்ளயே போக மாட்டேங்குதாங்கன்னு. தன் தமிழ்லதான் ஏதோ தப்புன்னு நெனச்சுக்கிட்டா. மூணு நாளா அந்த விடுதி வசனத்தையே திருப்பித் திருப்பி எழுதுதா."

"தமிழ்ல ஒரு தப்பும் இல்லை."

"அப்ப காரணத்தை எழுதுங்களேன். 'அவசியமில்லை'ன்னு எழுதுனா அவளுக்கு என்ன புரியும்?"

"நான் யாருன்னு அவளுக்குத் தெரியுமா?"

"இல்ல பாட்டி. நம்பர் மட்டுந்தான். நீங்க சொல்லக் கூடாதுன்னீங்கல்லா."

மூன்று நாளாகத் திருத்துகிறாளாம். ஆபீஸ் வேலையையும் வைத்துக்கொண்டு. இந்த வாரமும் அந்தக் கட்டத்தில் 'அவசியமில்லை' என்றே எழுதினேன். எழுதிவிட்டு எனக்கே ஆத்திரம் வந்தது.

தை 9, புதன்

சாப்பிடப் பிடிக்கவில்லை. ஆடவும் பிடிக்கவில்லை. வடாம் பிழிந்தேன், மேகம் மூடிக்கொண்டது.

தை 13, ஞாயிறு

நாள் நெருங்குகிறது. ஜெனிஃபர் முதல் தடவையாகச் சிரிக்காமல் பேசினாள். வேறு ஒரு ஆளைப் பிடித்து ஆரம்பிக்க இனி நேரம் இல்லையாம். நான் முடிக்கவில்லை என்றால் அவர்களுடைய மூன்று வருஷமும் நிற்கும். வேண்டுமானால் தொழிலை மாற்றிக்கொள்ளுங்கள், மூன்று வீரரைப் போட்டு மோதிவிட்டுப் போங்கள் என்றாள்.

மாற்றிப் பார்த்தேன். மூன்று வீரர், ஒரு பூசாரி. காயம் ஆறாமல் மூன்று வீரரும் அதே பாலத்தில் விழுந்தார்கள். தொழிலில் குறை இல்லை. எந்தத் தொழில்காரனும் தூங்காமல் எத்தனை நாளைக்கு அடிப்பான்.

திரும்பவும் நாச்சாத்தாளை எடுத்துக்கொண்டேன்.

தை 16, புதன், அமாவாசை

இன்றைக்கு நடந்ததை எழுத வேண்டும்.

காலையில் படையல் முடிந்து உட்கார்ந்தேன். விடுதிக்குப் போகாமல் தூங்க இன்னும் ஒரு வழி பாக்கி இருந்தது. அந்த ஊரில் வீடுகள் இருக்கின்றன. ஒவ்வொரு வீடாகக் கேட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். மனிதர்கள் இருக்கிற ஊரில் ஒரு வீட்டில் கூடவா வா என்று சொல்ல மாட்டார்கள்.

முதல் வீட்டில் ஒரு கிழவர். 'எனக்கு வேலை இருக்கிறது' என்றார். அடுத்த வீட்டில் கதவே திறக்கவில்லை. ஒரு வீட்டில் ஒரு பெண் அடுப்பெரித்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் நல்ல முகமாக இருந்தது. அவளிடம் நாலு தடவை கேட்டேன். நாலு தடவையும், 'வெளியூர்க்காரர்களுக்கு விடுதி இருக்கிறது' என்றாள். ஒரு வீட்டில் காவல்காரனைக் கூப்பிட்டார்கள். தெரு முழுக்கப் போனேன். பத்தொன்பது கதவு. எண்ணிக்கொண்டே போனேன். நாச்சாத்தாளுக்குத் தோளில் காயம், நடக்கும்போது சாய்ந்து சாய்ந்து நடந்தாள். பத்தொன்பதாவது கதவுக்கு முன்னால் அவளை நிறுத்தி வைத்துக்கொண்டு நான் கையை எடுத்துவிட்டேன்.

மெட்ராஸில் நமக்கு யார் இருக்கிறார்கள் என்று யோசித்தேன்.

பெரம்பூரில் என் தம்பி ஆறுமுகம் இருக்கிறான். ரயில்வேயில் இருந்து ரிட்டயர் ஆனவன், சொந்த வீடு. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் அம்மாவின் பதினாறாம் நாள் காரியத்தில், மூத்தவளான என்னைச் சடங்குக்கு முதலில் கூப்பிடாமல் அவன் பெண்டாட்டியைக் கூப்பிட்டுவிட்டான். அன்றைக்கே எழுந்து வந்தேன். இந்த வீட்டு ஆள் ஒருத்தரும் இனி அவன் வாசலை மிதிக்கக் கூடாது என்று சொன்னேன். பிரதீபாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவளையும் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டுதான் சொன்னேன்.

ஒரு வீடு இருந்தது. அதையும் நான் பூட்டிவிட்டேன்.

விடுதிக்குப் போனேன். மாடியில் ஒரு அறை கேட்டேன். கோப்பை வைத்திருந்த ஆண்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விடுதிக்காரி ஒரு சாவியைக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: 'உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறது அம்மா. நன்றாக இழுத்துப் பார்த்துவிட்டேன். நான் கீழேதான் இருப்பேன். பயப்படாமல் தூங்கு.'

நாச்சாத்தாள் தூங்கினாள். எழுந்தபோது தோள் ஆறியிருந்தது. நெருப்பும் திரும்ப வந்திருந்தது.

தை 17, வியாழன்

ஜெனிஃபரிடம் கேட்டேன். விடுதிக்காரி பேசுவது எழுதினவர்கள் எழுதினபடியா என்று.

"இல்ல பாட்டி. இங்கிலீஷ்ல 'மேல மூணாவது ரூம்'னு மட்டுந்தான் இருக்கும். தாழ்ப்பாள் அது இதெல்லாம் பிரதீபா சேத்தது. மூலத்துல இல்லாததைச் சேக்கக் கூடாது, எடுத்துருன்னு நான் சண்டை போட்டேன். மத்த எதுல வேணாலும் விட்டுக்குடுப்பா, அந்த ஒரு வரிய மட்டும் எடுக்க மாட்டேன்னுட்டா. ஏன்னு கேட்டா சொல்ல மாட்டேங்குதா."

"எடுக்க வேண்டாம்" என்றேன்.

தை 20, ஞாயிறு

பாலத்தைத் தாண்டிவிட்டேன். ஐந்து ஓநாயும் விழுந்தது. வீரர்கள் முன்னால், பூசாரி நடுவில், நாச்சாத்தாள் பின்னால். ஒரு சண்டை முடிந்தால் ஒரு தூக்கம். இரண்டு வார்த்தையில் முடிகிற சங்கதிக்கு ஒரு மாதம்.

தாளில் அந்தக் கட்டம் சின்னது. எழுத்து பின்பக்கம் வரைக்கும் போய்விட்டது. இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

'விடுதியில் தங்காததற்குக் காரணம்: தனியாக விடுதியில் தங்குகிற பெண் சரியில்லாதவள் என்று நினைத்திருந்தேன். அப்படித் தங்க நேர்ந்த ஒரு பெண்ணை, என் வீட்டுப் பெண்ணை, உறவினர் எல்லாரும் இருந்த பந்தியில் கேவலமாகப் பேசினேன். அவளுக்கு வேறு வீடு இல்லாமல் செய்ததும் நான்தான். உங்கள் தமிழில் பிழை எதுவும் இல்லை. சோதனை ஆள் 5.'

ஜெனிஃபருக்குப் படம் பிடித்து அனுப்பச் சொல்லி செல்வராணியிடம் கொடுத்தேன். அவள் படித்தாள். படித்துவிட்டு என் பக்கம் திரும்பாமல் படம் பிடித்தாள்.

தை 22, செவ்வாய்

கோட்டை வாசல். முதல் அத்தியாயம் முற்றும் என்று திரையில் எழுத்து வந்தது. ஒரு எருமைத் தலைப் பூதத்தை வாசலில் வைத்திருக்கிறார்கள். அதற்கு நாலு தடவை செத்தேன். அது கணக்கில் இல்லை.

செல்வராணி பக்கத்தில் நின்று கைதட்டினாள். பால் பொங்கிவிட்டது.

தை 24, வியாழன்

போன் வரவில்லை.

தை 26, சனி

பதினொரு மணிக்கு வந்தது. தெரியாத நம்பர்.

"வணக்கங்க. சோதனை ஆள் அஞ்சுங்களா?"

அவள் குரல்தான். ஏழு மாதத்துக்கு மேல் ஆகிறது.

"ஆமாங்க" என்றேன்.

"முதல் அத்தியாயம் முடிச்சதுக்கு நன்றிங்க. கொஞ்சம் கேள்வி இருக்குது. எழுத்தோட அளவு சரியா இருந்துதுங்களா?"

"இருந்துதுங்க."

"தொழில் விளக்கமெல்லாம் புரிஞ்சுதுங்களா?"

"மந்திரவாதி விளக்கம் நல்லா இருந்துது. திருடனுக்குத்தான் இன்னும் கொஞ்சம் மரியாதையா எழுதியிருக்கலாம். நல்ல ஆளுன்னு தெரிஞ்சிருந்தா சேர்த்திருப்பேன்."

எதிர்ப்பக்கம் ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா என்று தெரியவில்லை. ஒவ்வொன்றாக முப்பது கேள்வி கேட்டாள். அவளும் 'ங்க' போட்டாள், நானும் 'ங்க' போட்டேன்.

"கடைசியா ஒண்ணுங்க. புதுசா ஆட வர்றவங்களுக்கு நீங்க என்ன சொல்லுவீங்க?"

இதற்கு நான் தயாராக இருந்தேன். "மொத தடவைக்கு வீரனை எடுத்துக்கங்க. படிச்ச தொழில்தான் வேணும்னு அடம் புடிச்சா மந்திரவாதியை எடுங்க, ஆனா பொறுமை வேணும். மோட் ரெண்டு போதும், தமிழைக் கடைசியாப் போடுங்க, அதுக்கு மேல எதையும் வெக்காதீங்க. நாலு எடத்துல சேமிச்சு வெயுங்க. பொறகு, மொத நாளே விடுதிக்குப் போயித் தூங்குங்க. என்னையாட்டம் ஒரு மாசம் ஊரைச் சுத்தாதீங்க."

தட்டச்சு செய்கிற சத்தம் கேட்டது. அப்புறம் அது நின்றது.

"நீங்க ஒரு கட்டத்துல எழுதியிருக்கறதை இங்கிலீஷ்ல மாத்திக் கம்பெனிக்கு அனுப்போணும். எல்லாரும் படிப்பாங்க. வேணும்னா அதை எடுத்துடட்டுங்களா?"

"பந்தியில நாப்பது பேர் இருந்தாங்க" என்றேன். "அவங்க முன்னாடிதானே சொன்னேன். இதையும் படிக்கறவங்க படிக்கட்டும். நீ அனுப்பு."

கட்டாகிவிட்டதோ என்று போனைப் பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"அம்முச்சி."

"சொல்லு சாமி."

"அன்னிக்கு நான் பெரம்பூர் வரைக்கும் போனேன். சின்னத் தாத்தா வூட்டுத் தெருவுக்கே போயிட்டேன். முழங்கால் வரைக்கும் தண்ணி. தாத்தா திண்டுல ஏறி நின்னு வாசல்ல மணல் மூட்டை அடுக்கிட்டு இருந்தாங்க. என்னைப் பாக்கலை. கரண்ட் கம்பத்துகிட்டக் கொஞ்ச நேரம் நின்னேன்."

"கூப்பிட்டிருக்கலாமே கண்ணு."

"நீங்க போகக் கூடாதுன்னு சொல்லியிருந்தீங்கல்ல. அதான் திரும்பிட்டேன். அதுக்கப்பறம்தான் லாட்ஜைத் தேடுனேன்."

அவள் அழவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள். நான் என்ன சொன்னேன் என்று இப்போது ஞாபகம் இல்லை. மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டு வைத்தாள்.

செல்வராணியைக் கூப்பிட்டு ஆறுமுகத்தின் நம்பர் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. எப்போதிலிருந்து வைத்திருக்கிறாள் என்று நான் கேட்கவில்லை, எதற்கு என்று அவளும் கேட்கவில்லை.

ஐந்து தடவை மணி அடித்தது.

"யாருங்க?" என்றான். குரல் கிழவன் குரலாகிவிட்டது.

அக்கா என்று சொல்ல வாய் வரவில்லை. மூன்று தடவை அவன் யாருங்க யாருங்க என்று கேட்ட பிறகு, நாச்சாத்தாள் பேசறேன் என்றேன்.